பாதைக்கு ஏற்ற வண்டி

ரயில்வேயில் 'ஷெட்யூல் ஆஃப் டைமென்ஷன்ஸ்' என்று ஒரு புத்தகம் உண்டு. பிளாட்பாரம் தண்டவாளத்திலிருந்து எத்தனை தூரத்தில் இருக்க வேண்டும், பாலத்தின் கீழ் எத்தனை உயரம் விட வேண்டும், ஓடுகிற வண்டி எத்தனை அகலத்துக்கு மேல் போகக் கூடாது என்பதெல்லாம் அதில் மில்லிமீட்டர் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955 முதல் கட்டி வந்த பழைய பெட்டியின் நீளம் 21 மீட்டருக்குச் சற்று மேல். இன்று ஓடும் எல்.எச்.பி. பெட்டி 23.5 மீட்டர். நீளம் இரண்டு மீட்டருக்கு மேல் கூடியும், அகலம் மட்டும் பழைய 3.25 மீட்டர் எல்லையைத் தாண்டவில்லை. தாண்டினால் பிளாட்பாரத்தில் உரசும். முதலில் பாதை, அப்புறம் வண்டி என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி.

சாலைக்கு இப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை. நம் வீட்டுத் தெருவின் அகலத்தைப் பார்த்து எவரும் கார் வடிவமைப்பதில்லை. கார் வாங்குகிறவர்களும் தெருவை அளந்து பார்ப்பதில்லை. தெரு அப்படியே இருக்கிறது, வண்டி மட்டும் வருஷத்துக்கு வருஷம் வளர்கிறது. இதைப் பற்றி நம் சங்க அன்பர்களிடம் சில வார்த்தைகள் பேச வேண்டும் என்று வெகு நாளாக எண்ணம். அதற்கு எனக்கு ஒரு தகுதியும் உண்டு. புனேயில் ஊரார் திரும்பிப் பார்க்கும் ஒரு சின்னக் காரை நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

கார் ஃபியட் 500. நாம் 'ஃபியட்' என்றதும் நினைக்கும் பத்மினி அல்ல; 2008-ல் ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியாகி இங்கே விற்பனைக்கு வந்த, வட்ட விளக்கும் உருண்டை முதுகுமாக இருக்கும் இரண்டு கதவு வண்டி. அன்றைய விலை ஏறக்குறைய 15 லட்சம். ரயில்வே பென்ஷனில் வாங்கக்கூடியதல்ல. 2009-ல் பதிவான ஒரு வண்டியை என் மகன் பத்து வருஷம் கழித்துப் பழைய விலைக்கு வாங்கினான். 2022-ல் வேலை நிமித்தமாக நெதர்லாந்து போகும்போது, "அப்பா, இதை விற்க மனசு வரலை, நீங்க ஓட்டுங்கோ" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். கோர்படி டீசல் லோகோ ஷெட்டில் 16 சிலிண்டர், 2600 குதிரைசக்தி எஞ்சின்களோடு காலம் தள்ளியவனுக்கு, ஓய்வுக் காலத்தில் வாய்த்தது நாலு சிலிண்டர், 75 குதிரைசக்தி! "என்ன சார், பேரனுக்கு வாங்கின பொம்மையா?" என்று கேட்காத அன்பர் சங்கத்தில் குறைவு. கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

வேறு காலத்தின் வண்டி

இதன் மூலக் கார் இத்தாலியின் டூரின் நகரில் 1957 ஜூலை 4-ஆம் தேதி வெளிவந்தது. வடிவமைத்தவர் தாந்தே ஜியகோசா என்ற இன்ஜினீயர். யுத்தம் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆன நாடு. ஜனங்கள் ஸ்கூட்டரில் குடும்பத்தையே ஏற்றிக்கொண்டு போன காலம். (நமக்குத் தெரியாத காட்சியா?) அவர்களை நாலு சக்கரத்துக்கு ஏற்றிவிட வேண்டும், அதுவும் இத்தாலிய ஊர்களின் குறுகிய சந்துகளில் ஓட வேண்டும். ஜியகோசா கொடுத்த விடை: நீளம் 2.97 மீட்டர், அகலம் 1.32 மீட்டர், எடை ஏறக்குறைய 500 கிலோ. பின்பக்கம் இரண்டே சிலிண்டர் கொண்ட, காற்றினால் குளிரும் 479 சி.சி. எஞ்சின். சக்தி 13 குதிரை. இரும்புத் தகட்டைச் சிக்கனப்படுத்த மேற்கூரைக்குத் துணி. 1975 வரை அந்த வண்டி உற்பத்தியில் இருந்தது.

சரியாக 50 வருஷம் கழித்து, 2007-ல் அதே ஜூலை 4-ஆம் தேதி, அதே டூரினில் புதிய 500 வந்தது. முகம் பழசு, உள்ளே எல்லாம் புதுசு. எஞ்சின் பின்னாலிருந்து முன்னால் வந்துவிட்டது, தண்ணீரால் குளிர்கிறது. பழைய வண்டியில் பெட்ரோல் டாங்க் முன்பக்கம் இருந்தது. மோதினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு உதறல். புதியதில் அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. ஏர்பேக்குகள் உண்டு. 2007-ஆம் வருஷத்து ஐரோப்பிய மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் பெற்றது. அதே மாடலை 2017-ல் கடுமையாக்கப்பட்ட விதிகளில் மறுபடி சோதித்தபோது 3 நட்சத்திரம்தான். இரண்டையும் சொல்வதுதான் நியாயம்.

பழைய வண்டியின் டாஷ்போர்டு, காரின் உடம்பு நிறத்திலேயே இருக்கும். அலங்காரத்துக்காக அல்ல, தகட்டை மூட வேறு பொருளுக்குச் செலவழிக்க வழியில்லை. இன்றைய வண்டியிலும் டாஷ்போர்டு உடம்பு நிறத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது பிளாஸ்டிக், தகடு போலத் தோன்ற வர்ணம் பூசியது. அன்று சிக்கனம், இன்று அழகு. ஆங்கிலத்தில் 'ரெட்ரோ' என்று சொல்லும் சங்கதி முழுதும் இந்த ஒரு பலகையில் அடங்கிவிடுகிறது.

இது ஏமாற்று வேலையா?

"பழைய மாதிரி வேஷம் போட்ட புது வண்டி, இதிலென்ன நேர்மை?" என்று ஒரு நண்பர் கேட்டார். யோசிக்க வேண்டிய கேள்வி.

ரயில்வேயிலும் இந்த வேஷம் உண்டு. 2023 அக்டோபர் 31-ஆம் தேதி ஏக்தா நகருக்கும் அகமதாபாதுக்கும் இடையே ஒரு பாரம்பரிய ரயில் தொடங்கிவைக்கப்பட்டது. பார்வைக்கு நீராவி எஞ்சின், ஓடுவது மின்சாரத்தில். இன்னொரு பக்கம், நம் திருச்சிப் பொன்மலைப் பணிமனை நீலகிரி மலை ரயிலுக்கு நிஜமான நீராவி எஞ்சின்களையே புதிதாகக் கட்டிக் கொடுத்திருக்கிறது. அந்த மலையில் பற்சக்கரப் பாதையில் ஏறும் வேலைக்கு அந்த அமைப்பு ஒத்துவருகிறது. ஒன்றில் முகம் மட்டும் பழசு, மற்றதில் வேலையே பழசு. இரண்டும் அதனதன் இடத்தில் சரிதான். மேட்டுப்பாளையத்தில் ஓடுவதை அகமதாபாதில் ஓட்டச் சொன்னால் அர்த்தமில்லை. நகரத்தில் தினமும் ஓட்டும் காருக்கு 1957-ஆம் வருஷத்து பிரேக்கும் பெட்ரோல் டாங்கும் வேண்டும் என்று புத்தியுள்ள யாரும் கேட்க மாட்டார்கள். முகத்தில் பழைய பிரியம், உள்ளே புதிய பத்திரம் என்பதில் மோசடி எதுவும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

அதோடு ஒரு நன்மையும் நடந்திருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய முகம், சின்ன வண்டிக்கு மரியாதை தேடிக் கொடுத்தது. வசதியுள்ள ஐரோப்பியர் நீளமான காரை வாங்கக் கையில் பணம் வைத்துக்கொண்டே மூன்றரை மீட்டர் வண்டியைப் பெருமையாக வாங்கினார்கள். ஜப்பானில் 1991-ல் நிஸ்ஸான் 'ஃபிகாரோ' என்று பழைய பாணிச் சின்ன வண்டி 20,000 மட்டும் செய்தது. கேட்டவர்கள் அதிகமாகிக் குலுக்கல் போட்டு விற்றார்கள்! நம் நாட்டில் 2009-ல் வந்த நானோவின் கதை என்ன? நீளம் 3.1 மீட்டர், நாலு பேர் தாராளமாக உட்காரலாம், கெட்டிக்கார வடிவமைப்பு. ஆனால் 'மலிவான கார்' என்ற பட்டம் விழுந்தது. "நானோவிலா வந்தீர்கள்?" என்று சம்பந்தி வீட்டில் கேட்பார்களோ என்ற பயத்திலேயே ஜனங்கள் ஒதுங்கினார்கள். 2018-ல் அது நின்றுபோயிற்று. இரண்டும் சின்ன வண்டிதான். ஒன்றைப் பார்த்தால் ரசனை என்கிறோம், மற்றதைப் பார்த்தால் ஏழ்மை என்கிறோம். குறை வண்டியில் இல்லை, பார்க்கிற கண்ணில் இருக்கிறது.

வைத்துக்கொள்வது எப்படி?

"இந்த வண்டிக்கு ஸ்பேர் கிடைக்குமா?" என்பது அடுத்த கேள்வி. ஃபியட் பெயரில் இன்று இந்தியாவில் புதுக் கார் விற்பனை இல்லை என்பதால் கேள்வி நியாயமானதே. ஆனால் பானெட்டைத் திறந்தால் ஒரு வேடிக்கை. உள்ளே இருப்பது 1248 சி.சி. மல்டிஜெட் டீசல் எஞ்சின். இதே எஞ்சினைத்தான் ஃபியட்டிடம் லைசென்ஸ் பெற்று மாருதி 2007-லிருந்து ஸ்விஃப்டில் வைத்தார்கள், பிறகு டிசையரில், ரிட்ஸில், எர்டிகாவில். டாடா இண்டிகா விஸ்டாவிலும் இதுதான். 2020-ல் பி.எஸ். 6 விதி வரும்வரை நாடு முழுக்க இந்த எஞ்சின் ஓடிற்று. ஆகவே ஆயில் ஃபில்டரோ டைமிங் செயினோ வேண்டுமானால் தெருக்கோடி மெக்கானிக்குக்கே தெரியும். விளக்கு, கண்ணாடி, பம்பர் போன்ற வெளிச்சாமான்தான் நானா பேட் கடைவீதியில் அலமாரியில் இருக்காது. தேடித்தான் வாங்க வேண்டும். அதனால் எஞ்சினைப் பற்றிக் கவலையில்லாமல், முகத்தைப் பற்றிக் கவனமாக ஓட்டுகிறேன். பழைய பாணி வண்டி வாங்க நினைக்கும் இளைஞர்களுக்கு என் யோசனை இதுதான்: வெளியே எவ்வளவு அபூர்வமாக இருந்தாலும் இருக்கட்டும், உள்ளே இருப்பது ஊருக்கெல்லாம் பொதுவான எஞ்சினா என்று முதலில் பாருங்கள்.

பதினைந்து வருஷம் முடிந்ததும் 2024-ல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து வருஷத்துக்குப் பதிவைப் புதுப்பித்தேன். டில்லி வட்டாரத்து அன்பர்கள் பழைய டீசல் வண்டி வாங்குமுன் அங்குள்ள பத்து வருஷ விதியை விசாரித்துக்கொள்ள வேண்டும். அங்கே சட்டம் வேறு.

ஓட்டிப் பார்த்தால்

லக்ஷ்மி ரோடு, ராஸ்தா பேட் பக்கம் பண்டிகை நாளில் போனவர்களுக்கு நான் விவரிக்க வேண்டாம். இரு பக்கமும் ஸ்கூட்டர் வரிசை, நடுவே தள்ளுவண்டி, எதிரே ரிக்ஷா. பெரிய வண்டிக்காரர் பின்னால் போவதா முன்னால் போவதா என்று வியர்த்துக்கொண்டிருக்கும்போது, 1.63 மீட்டர் அகலமுள்ள வண்டி மெல்ல நுழைந்து போய்விடும். கியர் தண்டு கைக்கெட்டும் உயரத்தில் டாஷ்போர்டிலேயே இருப்பதால் நூறு தரம் கியர் மாற்றினாலும் தோள் வலிக்கவில்லை. காய்கறிக்கும், சங்கத்துக்கும், டாக்டரிடமும் போய்வர இதைவிட சௌகரியமான வண்டி நான் ஓட்டியதில்லை.

அசௌகரியங்களையும் மறைக்கக் கூடாது. இரண்டே கதவு என்பதால் ஒவ்வொரு கதவும் நீளம். நெருக்கமான பார்க்கிங்கில் வண்டியை நுழைத்துவிடலாம். கதவைப் பாதிதான் திறக்க முடியும், நாம் வெளியே வருவதுதான் பாடு! முன் சீட்டை மடக்கிப் பின் சீட்டில் ஏறுவது சிறுவர்களுக்கு விளையாட்டு, மூட்டுவலிக்காரர்களுக்குத் தண்டனை. "முன் சீட்டுன்னா வரேன், பின் சீட்டுன்னா ரிக்ஷால வரேன்" என்பது என் மனைவியின் நிரந்தர ஆணை. டிக்கியில் இரண்டு பெட்டிக்கு மேல் வைக்க இயலாது. ஆகவே வீட்டில் நாலைந்து பேரும், அவர்களில் எழுபது தாண்டியவர்களும் இருந்தால் இரண்டு கதவு வண்டி வேண்டாம். நாலு கதவுள்ள சின்ன வண்டிகள் எத்தனையோ இருக்கின்றன.

முகம் திரும்பி வந்தது, அளவு வரவில்லை

இப்போது எனக்குள்ள ஒரே வருத்தத்துக்கு வருகிறேன். பழைய 500-க்கும் புதிய 500-க்கும் நீளத்தில் 58 செ.மீ. வித்தியாசம். எடை இரு மடங்கு, ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. மோதல் தாங்கும் முன்பகுதி, ஏர்பேக், ஏ.ஸி. இவற்றுக்கு இடம் வேண்டும். அதை இன்ஜினீயர் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதோடு நிற்கிறதா? 2020-ல் வந்த மின்சார 500-க்கு நீளம் 3.63 மீட்டர். இங்கிலாந்தில் சூயஸ் நெருக்கடியில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததை ஒட்டி அலெக் இஸ்ஸிகோனிஸ் 1959-ல் வடிவமைத்த மினி காரின் நீளம் 3.05 மீட்டர். 2001-ல் அதே பெயரில் பி.எம்.டபிள்யூ. கொண்டுவந்தது 3.63; இன்று 3.8 மீட்டரையும் தாண்டிவிட்டது. பெயர் என்னவோ இன்னும் 'மினி'தான்!

நம் நாட்டில் சட்டமே 4 மீட்டர் வரை சின்னக் கார் என்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்குள் இருந்து, எஞ்சினும் பெட்ரோலானால் 1200 சி.சி., டீசலானால் 1500 சி.சி.க்குள் இருந்தால் 18 சதவீத ஜி.எஸ்.டி.; அதற்கு மேலானால் 40. நல்ல எண்ணம்தான். ஆனால் கம்பெனிகள் என்ன செய்கின்றன? நீளத்தை 3.99 மீட்டரில் நிறுத்தி, அகலத்தையும் உயரத்தையும் கூட்டி விடுகின்றன. தாளில் சின்னது, தெருவில் பெரியது. நம் வீடுகளுக்கெல்லாம் முதல் காராக 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இன் நீளம் 3.3 மீட்டர். தாத்தா, பாட்டி, இரண்டு குழந்தைகள், ஒரு மூட்டை அரிசியோடு அதில் போகாத குடும்பம் நம்மில் உண்டா? குடும்பங்கள் அன்றைக்கு இருந்ததைவிடச் சுருங்கிவிட்டன. கார் மட்டும் ஏன் பெருத்தது?

ரயில்வேயில் லூப் லைனில் எத்தனை வண்டி நிற்கும் என்று கணக்கிடுவது போல, எங்கள் சொசைட்டியின் உள்சாலைக்கு ஒரு கணக்குப் போட்டேன். ஒரு பக்கம் 100 மீட்டர் நீளம், வண்டிக்கு வண்டி அரை மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 4.6 மீட்டர் வண்டியானால் 19 நிற்கும். என் வண்டி அளவானால் 24. ஜியகோசாவின் அளவானால் 28. அதாவது அதே சாலையில், ஒரு கல் கூடப் பெயர்க்காமல், ஒன்பது குடும்பங்களுக்கு இடம் கிடைக்கும். அல்லது அந்த இடத்தில் குழந்தைகள் பந்து விளையாடலாம். அகலத்தில் மிஞ்சும் இடமோ அதைவிட முக்கியம். இரவு இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வரும்போது, யாருடைய வண்டியை நகர்த்தச் சொல்லி எந்த வீட்டு மணியை அடிப்பது என்ற நிலை நம்மில் பலர் குடியிருக்கும் காலனிகளில் இருக்கிறது. பார்க்கிங்குக்காகப் பேச்சு நின்றுபோன அண்டை வீட்டார் எத்தனை பேர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று ஆட்சேபணைகள்

முதலாவது, "வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போக வேண்டுமே!" வெளிமாநிலத்தில் இருக்கும் நாம் பெரிய கார் வாங்கச் சொல்லும் முதல் காரணம் இதுதான். புனேயிலிருந்து சென்னையே ஆயிரம் கி.மீ.க்கு மேல், திருநெல்வேலி இன்னும் எத்தனையோ தூரம். வருஷத்தில் பத்து நாள் பிரயாணத்துக்காக மீதி 355 நாளும் ஒரு பெரிய வண்டியைச் சந்தில் நிறுத்திவைத்து, அதற்கு மாதத் தவணையும் கட்டுவது எந்தக் கணக்கில் சேரும்? ஊருக்கு ரயில் இருக்கிறது. (ரயில்வேக்காரன் வேறென்ன சொல்வான் என்று சிரிக்க வேண்டாம், ராத்திரி நெடுஞ்சாலையில் தூக்கக் கலக்கத்தோடு ஓட்டுவதைவிட ஸ்லீப்பரில் தூங்கிக்கொண்டே போவது உத்தமம்.) ரயிலில் இடம் கிடைக்காத வருஷம், பத்து நாளைக்குப் பெரிய வண்டியை வாடகைக்கு எடுங்கள்.

இரண்டாவது, பத்திரம். மோதலில் கனமான வண்டிக்கு அனுகூலம் உண்டு என்பது பௌதிகம். அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த அனுகூலம் உள்ளே இருப்பவருக்கு மட்டும்தான். உயர்ந்த பானெட்டுக்கு முன்னால் நடந்து போகும் குழந்தை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தக் குழந்தையும் நம் காலனிக் குழந்தைதான். வண்டியின் பருமனைப் பார்ப்பதை விட்டு, மோதல் சோதனையில் அது வாங்கிய நட்சத்திரத்தைப் பாருங்கள்.

மூன்றாவது, வெளியே சொல்லாத ஆட்சேபணை: கௌரவம். பிறந்த ஊரை விட்டு வந்து, பிறர் பாஷை பேசி, வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்கு ஏறியவர்கள் நாம். அந்த ஏற்றத்தை ஊரார் கண்ணில் காட்ட ஒரு பெரிய கார் வேண்டும் என்ற ஆசையை நான் கேலி செய்ய மாட்டேன். அந்த ஆசைக்கு ஆறு ஏழு வருஷம் தவணை கட்டுவது யார், அந்தப் பணம் பிள்ளையின் படிப்புக்கோ நம் முதுமைக்கோ போயிருக்க வேண்டியதா என்று வீட்டில் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

என்ன செய்யலாம்?

கார் வாங்கப் போகும் அன்பர்கள் ஷோரூமுக்குப் போகுமுன் ஒரு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு தங்கள் பார்க்கிங் இடத்தையும், தெருவின் மிகக் குறுகிய இடத்தையும் அளந்து குறித்துக்கொள்ளட்டும். சென்ற ஒரு மாதத்தில் எத்தனை தரம் மூன்று பேருக்கு மேல் காரில் போனோம் என்று எண்ணிப் பார்க்கட்டும். பெரும்பாலான வீடுகளில் விடை மூன்றரை மீட்டருக்குள் வந்துவிடும். சொசைட்டி கமிட்டிகளில் இருக்கும் நம்மவர்கள், பார்க்கிங் கட்டணத்தை வண்டியின் நீளத்துக்குத் தக்கபடி விதிக்கலாமே என்ற யோசனையைக் கூட்டத்தில் வைக்கட்டும். லாரி நிறுத்தும் இடத்தில் சைக்கிளுக்கும் அதே கட்டணம் வாங்குவோமா?

கார் செய்கிறவர்களிடமும் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. 2023-ல் இங்கே வந்த எம்.ஜி. காமெட் என்ற மின்சாரக் காரின் நீளம் 2.97 மீட்டர். ஜியகோசாவின் அதே அளவு! நாலு பேர் உட்காருகிறார்கள். ஆக, அந்த அளவில் இன்றும் செய்ய முடிகிறது. இத்தாலியருக்கு அவர்களுடைய 500 போல, ஆங்கிலேயருக்கு மினி போல, நமக்குப் பிரியமான முகம் மாருதி 800. அந்த முகத்தோடு, அதே 3.3 மீட்டரில், நாலு கதவும் ஏர்பேக்கும் வைத்து ஒரு மின்சார வண்டி வரட்டும். சம்பந்தி வீட்டு வாசலில் அதை நிறுத்த யாரும் கூச்சப்பட மாட்டார்கள். அப்படி ஒன்று வந்தால் என் பெயரை வரிசையில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பின் சீட்டுக்குத் தனிக் கதவு இருந்தால் என் மனைவியின் பெயரையும் சேர்த்து.